கம்போடிய நாட்டில் ஆறு நாள்

பிற நாடுகளைக் காணச் செல்வோர் இரு வகையினர். ஒரு வகையினர் சென்ற இடமெல்லாம் தம் ஊரையே தேடுவர். தம் ஊர் உணவு கிடைத்தால் மகிழ்வர். கிடையாவிடின் முகம் சுளிப்பர். மற்றொரு வகையினரோ அந்நாட்டு மண்ணும் நீரும் மக்களும் தமக்கு என்ன சொல்கின்றன என்று செவிசாய்த்து நிற்பர். முன்னவர் பல காதம் சென்றும் தம் வீட்டு வாயிலைத் தாண்டாதவர். பின்னவரே உண்மையில் நாடு கண்டவர்.

2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் யானும், என் மகனும், மருமகளும், பத்தாம் வகுப்பிற் பயிலும் பேத்தியும், எட்டாம் வகுப்பிற் பயிலும் பேரனும் கம்போடிய நாட்டிற்குச் சென்று ஆறு நாள் தங்கினோம். அங்குக் கண்டவற்றுள் உங்களுக்குப் பயன்படுவன சிலவற்றை ஈண்டுக் கூறுவேன்.

நாடும் மக்களும்

கம்போடியா தென்கிழக்கு ஆசியாவில் உள்ளது. தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்னும் மூன்று நாடுகள் அதன் அண்டை நாடுகள். பரப்பு 1,81,035 சதுர கிலோ மீட்டர். அஃதாவது நம் தமிழ்நாட்டினும் பெரிது. ஆயின் மக்கள்தொகையோ ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சமே. அம்மக்களுட் பெரும்பாலோர் கெமர் இனத்தவர். அவர்கள் பேசும் மொழியும் கெமர் எனவே பெயர் பெறும். அவர்களுட் பெரும்பாலோர் புத்த சமயத்தைச் சார்ந்தவர்.

சென்னையினின்று சிங்கப்பூர் வழியாகச் சியம் ரீப் என்னும் ஊரை அடைந்தோம். வானூர்தி நிலையத்திலிருந்து ஊருக்குச் செல்லும் வழியில் இருபுறமும் நெல்வயல்கள். வயல் வரப்புகளில் வரிசை வரிசையாகப் பனைமரங்கள்! பனை நம் மாநில மரம் என்பதை அறிவீர்கள். அதே பனைதான் கம்போடியாவிற்குத் தேசிய மரம். மூங்கிற் கழியை மரத்தோடு பிணைத்து, அதன் கணுக்களில் கால் ஊன்றி ஏறிப் பதநீர் இறக்குகின்றனர். அதனைக் காய்ச்சிப் பனஞ்சர்க்கரை ஆக்குகின்றனர். கட்டம் போட்ட பருத்தித் துண்டொன்று உழவர் தோளில் எப்போதும் கிடக்கின்றது. அதற்குக் 'கிரமா' என்பது பெயர். வெயிலில் தலைப்பாகையாகவும், வேலையில் இடைக்கச்சையாகவும், பிள்ளைக்குத் தூளியாகவும் அஃது உதவுகின்றது. பெரியோரைக் கண்டால் இருகை கூப்பித் தலைதாழ்த்தி வணங்குகின்றனர். வணங்கப்படுவோரின் தகுதிக்கேற்பக் கூப்பிய கை மார்பினின்று முகம் நோக்கி உயரும்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஐம்பத்தைந்து அகவையினர், அடக்கமே உருவானவர். அவர் ஆங்கிலத்தில் கூறியவற்றை என் மகன் எனக்குத் தமிழில் எடுத்துரைத்து வந்தான். என்னை அவர் 'லோக் தா' என்றே அழைத்தார். 'தா' என்பது கெமர் மொழியில் பாட்டனைக் குறிக்கும் சொல். அது கேட்ட என் பேரன், "தாத்தா! 'தா' என்பது நம் 'தாத்தா'வே அன்றோ?" என்று துள்ளினான். "குழந்தாய், இரண்டு சொற்கள் ஒலியால் ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது. தெருவில் உன்னைப்போல் முகமுடைய சிறுவன் ஒருவனைக் கண்டால், உடனே அவனை உன் தம்பி என்பாயா? குடும்ப வரலாற்றைக் கேட்டறிந்த பின்னரே அவ்வாறு சொல்ல இயலும்" என்றேன். இவ்வுரை மறுநாளே மீண்டும் தேவைப்படும் என்பதை அப்போது யாம் எண்ணவில்லை.

திசை மாறும் ஆறு

முதல் நாள் தொன்லே சாப் என்னும் பேரேரியைக் கண்டோம். அவ்வேரியினின்று புறப்படும் ஆறு தலைநகராகிய புனோம் பென்னுக்கருகில் மீகாங் பேராற்றோடு கலக்கின்றது. ஆண்டின் ஒரு பகுதியில் இவ்வாறு ஏரியிலிருந்து ஓடும் அந்த ஆறு, மழைக்காலத்தில் திசை மாறி ஏரியை நோக்கி ஓடுகின்றது. மீகாங்கிற் பெருவெள்ளம் வருங்கால் அதன் மட்டம் ஏரியின் மட்டத்தினும் உயர்ந்து விடுவதே இதற்குக் காரணம். கோடையில் 3,000 சதுர கிலோ மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கும் ஏரி, மழைக்காலத்தில் 10,000 சதுர கிலோ மீட்டருக்கு மேல் விரிகின்றது. வெள்ளம் காடுகளுக்குள் புகும். மீன்கள் அங்கே இனம் பெருக்கும். நீர் வடியுங்கால் வளமான வண்டலை விட்டுச் செல்லும். ஆறு மீண்டும் திசை மாறுவதை அந்நாட்டு மக்கள் நவம்பர்த் திங்களை ஒட்டிப் படகுப் போட்டிகளுடன் பெருவிழாவாகக் கொண்டாடுகின்றனர்.

ஏரிக்கரைச் சிற்றூர்களில் வீடுகள் மிக உயர்ந்த மரத்தூண்களின்மீது நிற்கின்றன. யாங்கள் சென்ற காலம் நீர் வடியும் காலம். தூண்களில் நீர் நின்ற அடையாளம் எங்கள் தலைக்கு மேல் தெரிந்தது. "வெள்ளத்தைப் பகை என்று கருதாமல், விருந்தினன் என்று கருதி வீடு கட்டியிருக்கிறார்கள்" என்றாள் என் மருமகள். அவள் கூற்று முற்றிலும் உண்மை.

அங்கோர் வாட்

இரண்டாம் நாள் வைகறையில் உலகப் புகழ் பெற்ற அங்கோர் வாட் கோயிலை அடைந்தோம். 'அங்கோர்' என்பது 'நகரம்' என்னும் சொல்லின் திரிபு; 'வாட்' என்பது கோயிலைக் குறிக்கும். இரண்டாம் சூரியவர்மன் என்னும் கெமர் மன்னன் கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருமாலுக்கு எடுத்த கோயில் இது. பின்னர் இது புத்தர் கோயில் ஆயிற்று.

ஏறத்தாழ 190 மீட்டர் அகலமுடைய அகழி கோயிலை நாற்புறமும் சூழ்ந்துள்ளது. அதன் குறுக்கே அமைந்த கற்பாதை வழியே நடந்தோம். கீழ்வானம் மெல்லச் சிவந்தது. தாமரை மொட்டுப் போன்ற ஐந்து கோபுரங்களும் முதலில் கருநிழலாய்த் தோன்றிப் பின்னர்ப் பொன்னிறம் பூண்டன. நடுக்கோபுரம் தரையினின்று ஏறத்தாழ 65 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. குலேன் மலையில் வெட்டிய மணற்கற்களைக் கொணர்ந்து, சாந்து பூசாது ஒன்றன்மேல் ஒன்றாக இழைத்துப் பொருத்தியிருக்கின்றனர்.

திருச்சுற்று மண்டபங்களின் சுவர்களிலே பாரதப் போரும், இலங்கைப் போரும், அரசனது உலாவும் நீண்ட புடைப்புச் சிற்பங்களாகக் காட்சியளிக்கின்றன. கீழைச் சுவரில் பாற்கடல் கடையும் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்தில் அமைந்துள்ளது. ஒருபுறம் அசுரர் 92 பேர். மறுபுறம் தேவர் 88 பேர். வாசுகியின் உடலைப் பற்றி இழுக்கும் அவர்தம் கால்களின் உறுதியைச் சிற்பியின் உளி எவ்வளவு நுட்பமாகக் காட்டுகின்றது! அம்புப் படுக்கையிற் கிடக்கும் வீடுமரை என் பேத்தி தானே கண்டு கூறினாள்.

அப்போதுதான் பேரன் தன் தந்தையை நோக்கி, "அப்பா! இக்கோயிலைக் கட்டியவன் தமிழ் மன்னனே என்று கைப்பேசியிற் பலமுறை படித்திருக்கிறேன். சூரியவர்மன் என்பது மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் என்பவற்றைப்போல் பல்லவர் பெயர்தானே? இதனை இவரிடம் சொல்லுங்கள்" என்றான். மகன் தயங்கினான், சிறுவன் விடவில்லை. செய்தி மொழிபெயர்க்கப்பட்டது. வழிகாட்டி சினங்கொள்ளவில்லை. சிறிது நேரம் பேசாதிருந்து, "எங்கள் நாட்டிற் பலமுறை ஆட்சி மாறியது, கொடியும் மாறியது. ஆயினும் கொடியில் இக்கோபுரங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன. எங்களுக்கு எஞ்சியது இது" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மொழி கேட்டு எல்லாரும் வாளா இருந்தோம். மண்டபத்தின் ஒருபுறத்தே அமர்ந்து பேரனை அருகழைத்தேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

உறவும் உரிமையும்

"நம் நாட்டிற்கும் கெமர் நாட்டிற்கும் பழைய உறவு உண்டு, அதில் ஐயமில்லை. கெமர் எழுத்து, தென்னிந்தியாவில் வழங்கிய பல்லவ எழுத்தின் வழிவந்தது. கெமர் மொழியில் ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய கல்வெட்டு கி.பி. 611-ஆம் ஆண்டினது, மகேந்திரவர்மப் பல்லவன் காஞ்சியில் ஆண்ட காலமும் அதுவே. திருமாலும் சிவபெருமானும் புத்தரும் கடல் கடந்து அங்குச் சென்றனர். காம்போச மன்னன் இராசேந்திர சோழனுக்குத் தேரொன்று அனுப்பினான் என்று கரந்தைச் செப்பேடு கூறுகின்றது. காம்போச மன்னன் அளித்த கல்லொன்று முதற் குலோத்துங்கன் காலத்தில், கி.பி. 1114-இல், தில்லைக் கோயிலிற் பதிக்கப்பட்டதைச் சிதம்பரத்துக் கல்வெட்டுத் தெரிவிக்கின்றது. அக்காம்போசம் இந்நாடே என்று அறிஞர் கருதுவர்.

"ஆயின், தேர் அனுப்பியவனும் கல் அளித்தவனும் வேற்று நாட்டு அரசர் என்பதையே இச்சான்றுகள் உணர்த்துகின்றன. 'வர்மன்' என்பது வடமொழிச் சொல்; அதனை நம் பல்லவரும் சூடினர், கெமர் மன்னரும் சூடினர். பெயரொற்றுமை குலவொற்றுமை ஆகாது. தமிழ் வணிகர் சென்ற இடங்களில் தமிழிற் கல்வெட்டுப் பொறித்தனர். சுமத்திராத் தீவின் பாரூஸ் அருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. கெமர் மன்னரோ தம் கோயில்களைப் பற்றி வடமொழியிலும் பழைய கெமர் மொழியிலும் எழுதிவைத்தனர்.

"கட்டட அமைப்பையும் பார். தஞ்சைப் பெருங்கோயில் 1010-ஆம் ஆண்டினது. அங்கோர் வாட் அதற்கு நூறாண்டு பிற்பட்டது. தஞ்சை விமானம் சதுர அடுக்குகளாய் மேல்நோக்கிக் குறுகுகின்றது. இக்கோபுரமோ தாமரை மொட்டாய்க் குவிகின்றது. தஞ்சைக் கோயில் கிழக்கு நோக்கியது; இது மேற்கு நோக்கியது. கதையின் விதை கடல் கடந்து வந்தது. அதனை மரமாக வளர்த்தவர்கள் இம்மண்ணின் மக்கள். விதை தந்தவன் மகிழலாம்; பழத்தைத் தனதென்று கூறலாகாது. தஞ்சைக் கோயிலை வேற்று நாட்டான் ஒருவன் வந்து, 'எங்கள் மன்னன் கட்டியது' என்றால் உன் நெஞ்சம் எவ்வாறு துடிக்கும்? அதே துடிப்பு அவர்க்கும் உண்டு."

பேரன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் எழுந்து சென்று வழிகாட்டியின் அருகில் நின்று, அவர் முறைப்படியே கைகூப்பினான். அவர் தம் தோளிற் கிடந்த கிரமாவை எடுத்து அவன் தலையில் வெயிலுக்காகக் கட்டிவிட்டார்.

ஏழாம் சயவர்மன்

மூன்றாம் நாள் பாயோன் கோயிலையும் தா புரோம் கோயிலையும் கண்டோம். இரண்டும் ஏழாம் சயவர்மன் காலத்தன. இவன் 1181-ஆம் ஆண்டில் முடிசூடியவன். புத்த சமயத்தைப் போற்றியவன். பாயோன் கோபுரங்களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட மாபெரும் முகங்கள் நாற்றிசையும் நோக்கிப் புன்முறுவல் பூத்திருக்கின்றன. சுவர்ச் சிற்பங்களில் அரசர் மட்டுமா உள்ளனர்? மீன் பிடிப்போர், சந்தையில் விலை பேசுவோர், சேவற்போர் காண்போர், சமைப்போர் என்று அக்காலக் குடிமக்கள் அனைவரும் உள்ளனர்.

தா புரோம் 1186-ஆம் ஆண்டில் மன்னன் தன் தாயின் நினைவாக எடுத்தது. இன்று பெருமரங்களின் வேர்கள் மதில்களைப் பாம்புகள்போல் தழுவிக் கிடக்கின்றன. வேரை வெட்டினால் சுவர் சரியும்; விட்டுவிட்டாலும் சுவர் பிளக்கும். இத்தகைய இடர்ப்பாட்டினிடையே, 2004-ஆம் ஆண்டு முதல் நம் இந்தியத் தொல்லியல் துறையினர் இக்கோயிலைச் செப்பனிடும் பணியில் துணைபுரிந்துள்ளனர். அங்கோர் வாட் கோயிலிலும் அவர்கள் 1986 முதல் 1993 வரை பணியாற்றினர்.

தா புரோம் கல்வெட்டு, மன்னனது நாட்டில் 102 மருத்துவமனைகள் இருந்ததைக் கூறுகின்றது. கேட்கும்போதே நெஞ்சம் குளிர்கின்றது. அதே கல்வெட்டு, இக்கோயிலின் பணிக்கென 3,140 ஊர்களும் 79,365 மக்களும் உரிமையாக்கப்பட்டிருந்ததையும் கூறுகின்றது. ஒரு கோயிலின் அழகிற்குப் பின்னே எத்தனை உழவர்களின் வியர்வை உள்ளது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இத்துணைப் பெரிய தலைநகரம் ஏன் தளர்ந்தது? 1431-ஆம் ஆண்டில் அயோத்தியா நாட்டுப் படை அதனைத் தாக்கியது ஒரு காரணம். பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்த அறிஞர், பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் நெடிய வறட்சியும் இடையே கடும் பெருமழையும் மாறி மாறி வந்தன என்று கண்டுள்ளனர். ஏரிகளும் கால்வாய்களும் சிதைந்தன. மேற்குப் பாராய் என்னும் ஏறத்தாழ 8 கிலோ மீட்டர் நீளமுள்ள ஏரியில் இன்றும் நீர் நிற்கின்றது. நீரைக் காத்தவரை நகரம் நின்றது. நீர்வழி சிதைந்தபோது நகரும் தளர்ந்தது.

முன்னூறாயிரம் கற்கள்

நான்காம் நாள் கண்ட பாபுவோன் கோயிலின் வரலாறு வியக்கத்தக்கது. பதினோராம் நூற்றாண்டினதாகிய இச்சிவன் கோயில் சரியத் தொடங்கியது. ஆதலின், 1960-களில் பிரெஞ்சு அறிஞர்கள் இதனைக் கல் கல்லாகப் பிரித்து, மீண்டும் கட்டுவதற்கென எண்ணிட்டுக் காட்டில் பரப்பி வைத்தனர். கற்கள் ஏறத்தாழ 3,00,000. ஒவ்வொன்றும் எங்கே பொருந்தும் என்பதை ஏடுகளில் எழுதியிருந்தனர். அந்நிலையிற் போர் மூண்டது, பணி நின்றது, அவ்வேடுகள் அழிந்தன. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1995-இல் பணி மீண்டும் தொடங்கியபோது, காட்டில் கிடந்த கற்களும் எஞ்சிய சில நிழற்படங்களும் முதியோர் நினைவுமே துணை. ஒரு கல் தனக்குரிய இடத்தில் அன்றி வேறெங்கும் பொருந்தாது. அளந்தும் ஒப்பிட்டும் பொருத்தியும் 2011-ஆம் ஆண்டில் கோயிலை நிறைவு செய்தனர்.

அவ்வேடுகளை அழித்த காலத்தைப் பற்றி நீங்கள் அறிதல் வேண்டும். 1975-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் 1979-ஆம் ஆண்டு சனவரி வரை 'கெமர் ரூச்' என்னும் கொடுங்கூட்டத்தார் கம்போடியாவை ஆண்டனர். நகரங்களிலிருந்து மக்களை விரட்டினர், பள்ளிகளை மூடினர், கற்றவர்களைக் கொன்றனர். பசியாலும் நோயாலும் கொலையாலும் 15 இலட்சம் முதல் 20 இலட்சம் மக்கள் வரை மாண்டனர் என்பர். ஐந்தாம் நாள் புனோம் பென் நகரில், துவோல் சிலெங் என்னும் இடத்தைக் கண்டோம். அஃது ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறைகளைச் சிறையறைகளாக்கி, மக்களைத் துன்புறுத்திய இடம். உயிருடன் மீண்டோர் மிகச் சிலரே. கரும்பலகை இருந்த சுவரையும், அதன் முன்னே கிடந்த இரும்புக் கட்டிலையும் கண்ட என் பேத்தி தன் தாயின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

எங்களுடன் வந்திருந்த வழிகாட்டி உள்ளே வரவில்லை. முற்றத்து மரநிழலில் நின்றார். வெளியே வந்தபின் அவரே கூறினார்: "அப்போது எனக்கு ஆறு வயது. தந்தையை அழைத்துச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை. பள்ளி மீண்டும் திறந்தபோது எனக்கு வயது பத்து. அப்போதுதான் முதன்முதலாக எழுத்தறிந்தேன். கரித்துண்டால் பலகையில் எழுதினோம். எழுத்தை மறக்கச் செய்ய நினைத்தார்கள், நாங்கள் மறக்கவில்லை."

மாணவர்களே! பள்ளி மணி ஒலித்தும் பாயைச் சுருட்ட மனமின்றிக் கிடக்கும் நாளில், பள்ளி திறக்க நான்காண்டு காத்திருந்த அச்சிறுவனை எண்ணிப் பாருங்கள்.

உயிர்த்தெழுந்த கூத்து

கடைசி நாள் மாலை கெமர் அரசவைக் கூத்தினைக் கண்டோம். அங்கோர்ச் சுவரிலே கல்லாய் நின்ற அரம்பையரே கால்பெற்று அரங்கில் இறங்கியது போன்ற காட்சி அது. விரல்கள் பின்னோக்கி வளைந்து மொட்டாகவும் மலராகவும் கனியாகவும் மாறின. பாட்டைச் சுவடியிற் காக்கலாம். கூத்தை ஆடுவார் உடலே காக்கும். அக்கொடிய நான்காண்டுகளில் அக்கலை வல்லோருட் பெரும்பாலோர் மாண்டனர். தப்பிய ஒரு சில ஆசிரியர், தத்தம் நினைவில் எஞ்சியவற்றை ஒன்று சேர்த்து, இளஞ்சிறுமியர்க்குக் கற்பித்தனர். பாபுவோன் கற்களைப் பொருத்தியது போன்றே, ஓர் அடவு ஒருவரிடமிருந்தும் மற்றோர் அடவு மற்றொருவரிடமிருந்தும் பெற்றுக் கூத்தினை மீட்டனர். 2003-ஆம் ஆண்டில் யுனெசுகோ நிறுவனம் அதனை மனித குலத்தின் அரும்பெருஞ் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

கம்போடியச் செலவினால் நாங்கள் பெற்ற பயன் யாது? பிறர் பெருமையை உள்ளவாறு ஒப்புக்கொள்வதால் நம் பெருமை சிறிதும் குறைவதில்லை என்பது ஒன்று. கல்லினும் உறுதியானது, கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும் கடமை என்பது மற்றொன்று. நம் ஊர்க் கோயிற் கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசப்படும்போதும், ஏட்டுச் சுவடி கறையானுக்கு இரையாகும்போதும், ஏரிக்கால்வாய் தூர்ந்துபோகும்போதும் அழிவது பழம்பொருள் மட்டுமன்று. நாளை வருவோர் தம்மைத் தாமே அறிந்துகொள்ளும் வழியும் அழிகின்றது. அவற்றைக் காப்பதற்கு முதலில் வேண்டுவது அறிவு. அவ்வறிவு பொய்ப்பெருமை கலவாததாக இருத்தல் வேண்டும்.